சின்னன் படுதோ?

2016 வைகாசியில் ஒரு ஞாயிறு காலை. கனடாவின் ஃபோட் ஈரியில், ஈரி ஏரி முடிந்து நயாகரா ஆறு தொடங்குகிற முனையில், அப்பாவும் நானும் கரைக்கல்லில் இருந்தபடி தூண்டில் போட்டுக்கொண்டிருந்தோம். எதிரே பஃபலோ நகரம். ஸ்காபரோவில் இருந்து இரண்டு மணித்தியால ஓட்டம். அப்பாவுக்கு அந்த இடம் பிடிக்கும், அங்கே தண்ணீருக்கு இழுப்பு உண்டு. வடமராட்சிக் கடலில் தொழில் செய்த மனிதர், நின்ற தண்ணீரில் தூண்டில் போடுவதை மீன்பிடி என்று ஏற்றுக்கொள்வதில்லை. விடிந்ததில் இருந்து நாலு மஞ்சள் பேர்ச் மட்டும் பட்டிருந்தன. பத்து மணி இருக்கும். கரையில் இருந்து ஐம்பது யார் தள்ளி ஒரு மீன் தண்ணீரைப் பிளந்துகொண்டு முழு உடம்போடும் எழும்பி, பக்கவாட்டில் சரிந்து விழுந்தது. மரக்குற்றியைத் தூக்கிப் போட்டதுபோலச் சத்தம். சாம்பல் கலந்த மண்நிற முதுகையும், மேல்மடல் நீண்டு கீழ்மடல் குட்டையான வாலையும் கண்டேன். அதற்குள் தண்ணீர் மூடிவிட்டது.

அப்பா எழும்பி நின்றுவிட்டார். "சுறா," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நல்ல தண்ணியிலை சுறா எப்பிடி?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். எங்களுக்குப் பக்கத்தில் மடக்குக் கதிரை போட்டிருந்த வெள்ளைக்கார முதியவர் சிரிக்கவில்லை. பிறந்ததில் இருந்து இந்தக் கரையில்தான் மீன் பிடிக்கிறாராம். நாங்கள் கண்டது பெரிய கார்ப்பாக இருக்கும் என்றார். "ஸ்டர்ஜன் என்று சொல்லப் போகிறீர்கள், தெரியும். அது இந்த ஏரியில் என் தாத்தா காலத்திலேயே முடிந்துவிட்டது." அந்தப் பெயரை நான் முதன்முதல் கேட்டது, அது இல்லை என்று சொன்ன வாயில் இருந்துதான். கார்ப் மீனின் வால் அப்படி இருக்காது என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் எழுபது வருடம் இந்தத் தண்ணீரைப் பார்த்தவரிடம், ஒரு விநாடி பார்த்த நான் எதைச் சொல்வது? பேசாமல் வந்துவிட்டேன். அந்தப் பேசாமைதான் பிறகு வருடக்கணக்காக என்னை அரித்தது.

வீட்டுக்கு வந்து படங்களைத் தேடிப் பார்த்ததும் வால் பொருந்தியது. சுறா மாதிரி வால், சுறா மாதிரிக் குருத்தெலும்புக் கூடு, ஆனால் சுறா இல்லை. வாயில் பல் கிடையாது. மூக்குக்கு அடியில் நாலு மீசை தொங்கும், அதால் அடிமண்ணைத் தடவித் தடவி, குழாய் மாதிரி வாயை வெளியே நீட்டி, பூச்சி புழுவையும் சிப்பியையும் உறிஞ்சித் தின்னும். டைனோசர் காலத்திலேயே இருந்த குடும்பம். ஏரி ஸ்டர்ஜன் என்பது வட அமெரிக்காவின் நன்னீரிலேயே பிறந்து வாழ்ந்து சாகிற இனம். எதிர்க்கரையில் இருக்கிற நியூயோர்க் மாநிலம் 1976இலேயே அதைப் பிடிப்பதைத் தடை செய்துவிட்டது. எங்கள் கரையில், ஒன்ராறியோவிலும் இப்போது அதைத் தேடிப் பிடிக்க அனுமதி இல்லை. இல்லாத மீனுக்கு ஏன் தடை என்று நான் கேட்டுக்கொண்டேன். இருந்தபோது தடை இல்லாததன் கதை பிறகுதான் கைக்கு வந்தது.

எரித்த மீன்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஈரி ஏரியின் வலைக்காரருக்கு ஸ்டர்ஜன் வெறும் தொல்லை. ஆளைவிட நீளமாக வளர்கிற, உடம்பில் ஐந்து வரிசை எலும்புத் தட்டுப் பதித்த மீன் வலைக்குள் வந்தால் வலை கிழிந்துபோகும். அதனால் கொன்று கரையில் குவித்தார்கள். பன்றிக்குப் போட்டார்கள், வயலுக்கு உரமாகப் புதைத்தார்கள். டெற்றோயிற் ஆற்றில் விறகு அடுக்குவதுபோல அடுக்கிக் காயவைத்து, நீராவிக் கப்பலின் கொதிகலத்துக்குள் போட்டு எரித்ததாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். எண்ணெய் பிடித்த உடம்பு, நன்றாக எரியும். நான் மீன்காசில் சாப்பிட்டுப் படித்து வளர்ந்த பிள்ளை. எங்கள் வீட்டில் மீனின் தலை சொதிக்குப் போகும், சினை பொரியலுக்குப் போகும், கழிவு பூனைக்கும் தென்னைக்கும் போகும். விறகுக்குப் பதிலாக மீன் என்ற அந்த வரியை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

1860களில் காற்று மாறியது. ஒகையோ மாநிலத்து சண்டஸ்கியில் ஜேர்மனியில் இருந்து வந்து குடியேறியவர்கள் ஸ்டர்ஜன் இறைச்சியைப் புகைபோட்டு விற்கலாம் என்று காட்டினார்கள். சினையை உப்பிட்டால் கவியார் ஆனது, பீப்பா பீப்பாவாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. காற்றுப்பையைக் காயவைத்தால் பியர் தெளியவைக்கிற பசை. தொல்லை என்று எரித்த மீன் ஒரு தலைமுறைக்குள் பணமாகிவிட்டது. 1885இல் ஈரி ஏரியில் மட்டும் பிடிபட்ட ஸ்டர்ஜன் ஏறக்குறைய 50 லட்சம் இறாத்தல். பத்தே வருடம் கழித்து, 1895இல், 2 லட்சம் இறாத்தல். இருபத்தைந்து பங்கில் ஒரு பங்கு. அதோடு அணைகளும் வந்தன. கப்பல் போவதற்காக டெற்றோயிற் ஆற்றின் அடிப்பாறையை உடைத்து வாய்க்கால் வெட்டினார்கள். மோமி ஆற்றங்கரையில் இருந்த பெருஞ்சதுப்பு நிலத்தை வடித்து வயலாக்கியதில் வண்டல் இறங்கி, முட்டை ஒட்டுகிற கல்லெல்லாம் சேற்றுக்கு அடியில் போனது. ஆனால் அதெல்லாம் விழுந்தவன்மேல் ஏறி மிதித்த கதை. விழுத்தியது அந்தப் பத்து வருடம்.

ஃபோட் ஈரி முதியவரின் "தாத்தா காலம்" எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. அவருடைய தாத்தா சின்னப் பையனாக இருந்தபோதே ஏரி வெறுமையாகிவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பம் காணாத மீனைத்தான் இல்லை என்றார். இருந்தும் நான் கண்டேன். அடுத்த நாலைந்து வருடமும், யாராவது அகப்பட்டால் இந்தக் கதையைச் சொல்லி, "ஈரியில் ஸ்டர்ஜன் இருக்கு" என்று வாதாடுகிறவனாக நான் ஆகிவிட்டேன். வேலைத்தளத்தில், கலியாண வீட்டில், வட்சப் குழுவில். ஒரு விநாடிக் காட்சியைத் தவிர என்னிடம் வேறு சாட்சி இல்லை.

படம்

2021 சித்திரையில் சாட்சி வந்தது. எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்த காலம். ஈரி ஏரிக்குள் விழுகிற டெற்றோயிற் ஆற்றில் கணக்கெடுப்புக்குப் போன அமெரிக்க அரசின் மீன்-வனவிலங்குச் சேவைக்காரர் மூன்று பேர் ஒரு ஸ்டர்ஜனை இழுத்து ஏற்றினார்கள். 240 இறாத்தல். 6 அடி 10 அங்குலம். நூறு வயதுக்கு மேல் இருக்கும் என்று மதித்தார்கள். அளந்து, குறியிட்டு, திரும்ப ஆற்றில் விட்டார்கள். படகுத் தளத்தில் அதற்குப் பக்கத்தில் ஒரு ஆளைப் படுக்கவைத்து எடுத்த படம் உலகம் முழுக்கச் சுற்றியது. மீன் ஆளைவிட நீளம்.

நான் கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் அறைக்கு ஓடினேன். "அப்பா, இஞ்சை பாருங்கோ. அண்டைக்கு நாங்கள் கண்டது இதுதான். நான் சொன்னனான் எல்லே, இருக்கெண்டு!" அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை நல்ல நேரம் பார்த்தார். விரலால் பெரிதாக்கி வாலைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். வயதைச் சொன்னேன். "நூறு வரியமோ?" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

"சின்னன் படுதோ?"

எனக்கு விளங்கவில்லை. "என்னப்பா?"

"இது கிழடு. உதின்ரை சின்னன் ஆருக்கும் படுதோ எண்டு கேக்கிறன்."

நாலைந்து வருடமாக இருக்கு, இல்லை என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கேள்வி ஒரு தரமும் தோன்றவில்லை. அப்பாவுக்கோ படத்தைப் பார்த்த ஐந்து நிமிடத்தில் தோன்றிவிட்டது. வலை இழுத்து முடிந்ததும் மடியில் என்ன கிடக்கிறது என்று பார்த்தே வளர்ந்தவர் அவர். பெரிய மீன் இன்றைய சந்தைக்கு. பொடி மீன் வருகிறதா, எவ்வளவு வருகிறது என்பதுதான் அடுத்த சோளகக் காற்றுக் காலத்துக்குக் கடலில் என்ன இருக்கும் என்று சொல்லும். அவர் அதை ஒரு கொள்கையாகச் சொன்னதே இல்லை, மடியைக் குனிந்து பார்க்கிற பழக்கம் மட்டும் உண்டு.

கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் அந்தக் கேள்வியின் பாரம் தெரிந்தது. ஏரி ஸ்டர்ஜனில் பெண்மீன் முதல் சினை வைக்கவே 20 முதல் 25 வருடம் ஆகும். அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருடமும் முட்டை போடாது, நாலு தொடக்கம் ஒன்பது வருடத்துக்கு ஒரு தடவை. ஆண்மீன் 12, 15 வயதில் பருவத்துக்கு வரும், ஆயுள் பெரும்பாலும் ஐம்பத்தைந்தை ஒட்டி. பெண் நூறைத் தாண்டி 150 வரை போகும் என்கிறார்கள். 1953இல் மரங்களின் ஏரியில் (லேக் ஒஃப் த வூட்ஸ்) பிடிபட்ட 208 இறாத்தல் மீனுக்கு 154 வயது என்று கணித்தார்கள். பக்கச் செட்டையின் முன்முள்ளில் ஒரு துண்டு வெட்டி, குறுக்கே தேய்த்து, மரத்தின் வளையம் எண்ணுவதுபோல எண்ணுவார்கள். வயது முற்றினால் வளையங்கள் நெருங்கிப்போய் எண்ணிக்கை குறைந்து காட்டுவதும் உண்டு.

இப்படி ஒரு மீனுக்கு "இருக்கிறது" என்ற சொல் சரியாக ஒட்டுவதில்லை. நெத்தலி இருக்கிறது என்றால் போன வருடமும் அது பிறந்திருக்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் அதன் ஆயுளே அவ்வளவுதான். ஆனால் அந்த 240 இறாத்தல் மீன் ஆற்றில் நீந்துகிறது என்பதற்கு, 1920 அளவில் ஒரு முட்டை பொரித்தது என்பதற்கு மேல் ஒரு அர்த்தமும் இல்லை. அதற்குப் பிறகு ஒரு முட்டைகூடப் பொரிக்காமல் போயிருந்தாலும் அந்தக் கிழவி நீந்திக்கொண்டுதான் இருக்கும். நாங்களும் படம் எடுத்து, மீன் இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருப்போம். எங்கள் ஊரில், பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்க, தாய் மட்டும் விளக்கேற்றுகிற வீடுகள் உண்டு. ஒழுங்கையால் போகிறவனுக்கு வெளிச்சம் தெரியும். வீட்டில் ஆள் இருக்கு என்று சொல்லிக்கொண்டு போவான். அவன் சொல்வதும் பொய்யில்லை.

அதனால் என் வாதத்தை நானே நிறுத்தினேன். "இல்லை" என்ற முதியவரும் "இருக்கு" என்ற நானும் ஒரே பிழையைத்தான் விட்டிருந்தோம். இரண்டு பேருமே பெரிய மீனைத் தேடியிருக்கிறோம்.

கரிக்கசடு

தேடுகிற பொருள் மாறியதும், கிடைக்கிற செய்தியும் மாறியது. ஸ்டர்ஜன் முட்டை எங்கே கிடைத்தது, குஞ்சு எங்கே கிடைத்தது என்று பார்க்கத் தொடங்கினேன். 2001இல் டெற்றோயிற் ஆற்றில், உருக்காலைக்குப் பேர்போன சக் தீவுக்குக் கிட்ட, முட்டை கண்டெடுத்திருக்கிறார்கள். 2008இல் கனடாப் பக்கத்து ஃபைற்றிங் தீவுக்கு அருகே ஆற்றின் அடியில் கல்லைக் கொட்டிப் படுகை கட்டினார்கள். அடுத்த வசந்தத்திலேயே ஸ்டர்ஜன் வந்து அதில் முட்டையிட்டது. இதை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. வெட்டி அகற்றிய பாறைக்குப் பதில் ஒரு நூற்றாண்டு கழித்துக் கல்லைக் கொண்டுவந்து போட, ஒரே வருடத்தில் மீன் அதைக் கண்டுபிடித்து வந்திருக்கிறது. அவ்வளவு காலமும் அது இடம் தேடித் திரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. ஹியூரன் ஏரியில் இருந்து சென் கிளேயர் ஏரிக்கு இறங்குகிற சென் கிளேயர் ஆற்றின் வடக்குக் கிளையில், அல்கோனக் என்ற ஊருக்கு அருகில், ஸ்டர்ஜன் காலகாலமாக முட்டையிடுகிற ஒரு இடம் உண்டு. அங்கே அடியில் இருப்பது ஆற்றுக்கல் இல்லை, நிலக்கரிக்கசடு. பழைய நீராவிக் கப்பல்கள் கொதிகலத்தைச் சுத்தம் செய்து ஆற்றுக்குள் கொட்டிய எரிந்த கரிக்கட்டிகள். சேறு பிடிக்காத, இடுக்கு நிறைந்த, கரடுமுரடான கட்டிகள். முட்டை ஒட்டுவதற்கு அது போதும், பொரித்த குஞ்சு சில நாள் ஒளிந்துகொள்ளவும் போதும். எந்தக் கொதிகலத்துக்குள் இந்த மீனை விறகாகப் போட்டார்களோ, அந்த மாதிரிக் கொதிகலத்தில் இருந்து விழுந்த கசட்டில் அது பிள்ளை பெற்றுக்கொண்டிருக்கிறது. இதை எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் நிற்கிறது. மன்னிப்பு என்று சொல்ல மீனுக்கு ஒன்றும் தெரியாது. கிடைத்த இடத்தில் வாழ்கிற வைராக்கியம் மட்டும்தான்.

கெட்ட செய்தியும் உண்டு. கருங்கடல், கஸ்பியன் பக்கத்தில் இருந்து கப்பல் தண்ணீரோடு வந்து சேர்ந்த கோபி என்ற சின்ன மீன் ஈரி ஏரியை நிறைத்துவிட்டது. அது ஸ்டர்ஜன் முட்டையைத் தின்கிறது. வளர்ந்த ஸ்டர்ஜன் திரும்ப அந்தக் கோபியைத் தின்கிறது. 2000ஐ ஒட்டிய வருடங்களில் ஈரியில் பொட்டுலிசம் என்ற நச்சுநோய் பரவியபோது, நஞ்சேறிய கோபியைத் தின்ற பறவைகளோடு ஸ்டர்ஜன்களும் செத்துக் கரையொதுங்கின. இல்லை என்று சொல்லப்பட்ட மீனைக் கரையோரத்துச் சனம் கண்ணால் கண்டது அதன் பிணத்தைத்தான்.

சார்னியாவில் ஒரு விடியல்

2023 ஆனி. என்னோடு வேலை செய்கிற அண்ணை ஒருவர், சென் கிளேயர் ஆற்றில் வோலாய் நன்றாகப் படுகிறது, வாரும் என்று கூப்பிட்டார். இரவு ஒரு மணிக்கு ஸ்காபரோவில் வெளிக்கிட்டு நாலரைக்குச் சார்னியா. ஹியூரன் ஏரியின் தண்ணீர் முழுவதும் புளூ வோட்டர் இரட்டைப் பாலத்துக்குக் கீழே ஒரு இடுக்கால் நெருக்கி ஓடுகிறது. ஆயிரம் அடி நீளக் கப்பல் அதற்குள்ளால் ஊர்ந்து போகும்போது கரைக்கல் அதிர்வது காலில் தெரியும். எதிரே போட் ஹியூரன், அமெரிக்கா. அந்தப் பாலத்துக்கு அடியில், ஆழத்தில், பேரேரிகளிலேயே எஞ்சியிருக்கிற மிகப் பெரிய ஸ்டர்ஜன் கூட்டங்களில் ஒன்று முட்டையிடுகிறது. இது எனக்குத் தெரியும். நான் மூன்றரை மணித்தியாலம் காரோட்டி வந்ததே அதற்காகத்தான். அண்ணையிடம் அதைச் சொல்லவில்லை.

பாலத்தில் இருந்து கொஞ்சம் கீழே, இழுப்புக் குறைந்த ஒரு மடுவில் நின்றோம். அண்ணை ஒரு தூண்டிலை வோலாய்க்கு ஆட்டிக்கொண்டு, மற்றதில் கனமான ஈயம் கட்டி மண்புழுக் குத்தி அடியில் போட்டிருந்தார். கிழக்கு வெளுக்கிற நேரம். அடித்தூண்டிலின் நுனி இரண்டு தரம் மெல்லத் தலையாட்டியது. பெரிய மீனின் இழுப்பு இல்லை. அண்ணை அக்கறை இல்லாமல்தான் சுற்றினார். கரைக்கு வந்ததைப் பார்த்ததும், "இஞ்சை பாரும் தம்பி, சுறாக்குட்டி மாதிரி என்னவோ கிடக்கு!" என்றார்.

நான் கையை நனைத்துக்கொண்டு ஓடினேன். ஓடும்போதே கத்தினேன்: "அண்ணை, தூக்காதேங்கோ, தண்ணிக்கையே வச்சிருங்கோ! செவுளுக்கை விரல் விடாதேங்கோ!" கல்லிடுக்கில் முழங்காலில் இருந்து ஒரு கையை அதன் வயிற்றுக்குக் கீழே கொடுத்தேன். என் விரல் நுனியில் இருந்து முழங்கைவரை நீளம். கூர்மையான மூக்கு, மூக்கில் கறுப்பாக ஒரு மறு, முதுகில் இரண்டு பக்கமும் மை சிந்தியதுபோலத் திட்டுகள். கிழமீனுக்கு அந்தத் திட்டு இருக்காது, மூக்கும் மழுங்கிவிடும். முதுகுத் தட்டு ஒவ்வொன்றும் நடுவில் கொக்கிபோல நிமிர்ந்து நின்றது. பெரிய ஸ்டர்ஜனின் தட்டுகள் வருடக்கணக்கில் தேய்ந்து வழுவழுப்பாகிவிடும். இதற்கு இன்னும் தேய நேரம் கிடைக்கவில்லை. தட்டுகளுக்கு இடையில் தோல் அரத்தாள் மாதிரி. நாலு மீசையும் என் மணிக்கட்டில் முட்டி, அது உணவா என்று தேடுவதுபோல அசைந்தன. தூண்டில்முள் உதட்டோரத்தில்தான் ஏறியிருந்தது. ஒரு திருகலில் கழன்றது. வாய் குழாயாக வெளியே நீண்டு, உள்ளே போயிற்று.

கையைத் தளர்த்தினேன். அது உடனே போகவில்லை. என் உள்ளங்கைமேலேயே செவுளை இரண்டு மூன்று தரம் திறந்து மூடியது. பிறகு வாலை ஒரு தரம் அடித்தது. தட்டு ஒன்று என் கையைக் கீறிக்கொண்டு போனது. தண்ணீரில் ஒரு நிழல் இறங்குவது தெரிந்தது, அவ்வளவுதான். உள்ளங்கையில் நூல் இழுத்ததுபோல ஒரு கோடு. இரத்தம் மெல்லப் பொட்டுப் பொட்டாக வந்தது. அண்ணை, "என்னப்பா, ஒரு படமும் எடுக்கேல்லையே?" என்றார். எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவும் இல்லை. ஒன்ராறியோவில் தப்பித் தவறிப் பட்டாலும் உடனே விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் அதைக் காற்றில் தூக்கிப் பிடித்துச் சிரிக்க என்னால் முடிந்திருக்காது. ஸ்டர்ஜனைச் செவுளில் தூக்கிப் பிடித்தும், கல்லில் கிடத்திக் காலை வைத்தும் எங்கள் ஆட்கள் போடுகிற படங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க மாட்டேன். இருபது வருடம் கழித்துச் சினை வைக்கப்போகிற மீன் அது. இரண்டு நிமிடம் தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கழற்றிவிட முடியாதா?

அந்த ஆற்றின் முகத்துவாரத் தீவுகளில் வாழ்கிற அனிஷினாபே மக்களுக்கு இந்த மீனின் பெயரில் ஒரு குலமே உண்டு. நமே என்பது அவர்கள் மொழியில் இதன் பெயர். குலம் என்று வைத்திருக்கிறவனுக்குப் பெரியது மட்டும் கண்ணில் படாது, பிள்ளைகளும் தெரியும் என்று வீடு வரும் வழியில் நினைத்தேன்.

ஒன்று

சந்தோசம் இரண்டு நாள்தான் நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாள் நானே அதைக் குடையத் தொடங்கினேன். நாங்கள் பிடித்தது ஏரியில் இல்லை, ஆற்றில், அதுவும் ஈரி ஏரிக்கு மேலே. சென் கிளேயர் ஆற்றில் பொரிக்கிற குஞ்சு இராத்திரியில் நீரோட்டத்தோடு கீழே இறங்கும். சில சென் கிளேயர் ஏரியில் தங்கும், சில டெற்றோயிற் ஆற்றைத் தாண்டி ஈரிக்கும் போகும். ஆக ஈரிக்கான பிள்ளை என்று அதைச் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். இன்னொரு சந்தேகம், அது வளர்ப்புக் குஞ்சாக இருக்குமோ என்பது. ஈரியின் மேற்கு மூலையில் விழுகிற மோமி ஆற்றில் 2018 ஐப்பசியில் இருந்து ரொலிடோ விலங்குக்காட்சிச் சாலையும் அரச துறைகளும் சேர்ந்து குஞ்சுகளை விடுகிறார்கள். முதல் வருடம் ஏறக்குறைய 3,000. ஒவ்வொன்றின் தோலுக்குள்ளும் அரிசிமணி அளவு அடையாளச் சில்லு இருக்கும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. அவற்றில் ஒன்று வழிமாறி மேலேறி வந்திருக்கலாம். ஆனால் மோமிக்குச் சினை போவதே இந்தச் சென் கிளேயர் ஆற்றில் இருந்துதான். இது கொடுக்கிற ஆறு. இங்கே பட்டது இங்கேயே பிறந்தது என்று நம்புவதற்கு எனக்குக் காரணம் உண்டு, அந்த நம்பிக்கையை நான் விடப்போவதில்லை.

மோமிக் குஞ்சுகளை ஆற்றில் விடுகிற நாளில் பொதுமக்களும் வரலாம். சின்னப் பிள்ளைகள் வாளியில் ஒரு குஞ்சை வாங்கித் தண்ணீரில் சரித்து விடுகிறார்கள். குஞ்சுகளில் ஒரு பகுதியை ஆற்றங்கரையிலேயே, அந்த ஆற்றுத் தண்ணீரில் வளர்க்கிறார்கள், தண்ணீரின் வாசம் பிடிபட்டுத் திரும்பி வரவேண்டும் என்பதற்காக. 2018இல் விட்ட ஆண்மீன் 2030ஐத் தாண்டித்தான் திரும்பும். பெண்மீனுக்கு 2040 ஆகும். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று ஊரில் சொல்வார்கள். ஸ்டர்ஜன் விடுகிறவர்களில் தலை நரைத்தவர்களுக்கு அந்தப் பார்ப்பதும் நிச்சயமில்லை. இருந்தும் விடுகிறார்கள்.

2024இல் அமெரிக்க அரசு, ஏரி ஸ்டர்ஜனை அழிவாபத்துச் சட்டத்தின் கீழ் பட்டியலிடத் தேவையில்லை என்று முடிவு செய்தது. ஸ்டர்ஜன் மீண்டுவிட்டது என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அந்தச் சொல் அவசரமாகப் படுகிறது. மொத்தமாகப் பார்த்தால் இன்றைக்கு இருப்பது பழைய எண்ணிக்கையில் நூற்றில் ஒன்று என்பதுதான் எல்லோரும் சொல்கிற கணக்கு. அழியவில்லை என்பதற்கும் மீண்டது என்பதற்கும் நடுவில் பெரிய தண்ணீர் கிடக்கிறது. ஆனால் "அது முடிந்த கதை" என்று யாராவது இனி என்னிடம் சொன்னால், ஃபோட் ஈரியில் போலப் பேசாமல் வரமாட்டேன்.

சார்னியாவில் இருந்து வந்த அன்று பின்னேரம் அப்பாவின் அறைக்குப் போனேன். யன்னலோரம் இருந்து தூண்டில் நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். கண் மங்கிவிட்டது, விரல்தான் முடிச்சைப் பார்க்கிறது.

"அப்பா, சின்னன் பட்டது," என்றேன்.

முடிச்சை விட்டுவிட்டு நிமிர்ந்தார். இரண்டு வருடத்துக்கு முதல் கேட்ட கேள்விக்குத்தான் இது பதில் என்று நான் சொல்லவேண்டி இருக்கவில்லை. "எவ்வளவு?" என்றார். வலது கையை நீட்டி, இடது கையால் முழங்கையைத் தொட்டுக் காட்டினேன். அவர் என் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையில் இருந்த கீறலைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

"விட்டிட்டியோ?"

"ஓமப்பா."

"எத்தினை பட்டது?"

"ஒண்டு."

"ம்," என்றார். கையை விடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு நூலை எடுத்து, விட்ட இடத்தில் இருந்து முடிச்சைத் தொடர்ந்தார்.